மாசியில் நகர்ந்த எல்லை

நள வருஷம், தை 8, சனி

துவரை விலை இறங்கவில்லை. சீமையில் சண்டை. ரயில்காரன் வேகன் தருவதில்லை. வேகன் வராத ஊரில் விலை ஏறத்தானே செய்யும். ஏறட்டும், கிடங்கு நிறையச் சரக்கு இருக்கிறது.

கிடங்கில் ஒரு எலி செத்துக் கிடந்தது. பட்டப்பகலில், நடைபாதையில், மல்லாந்து. மூட்டை தூக்குகிறவர்களுக்கு மேஸ்திரி மயிலான். அவன்தான் வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினான்.

"காயம் ஒண்ணும் காணமுங்க முதலாளி."

"பூனை மென்னுட்டுப் போட்டிருக்கும்."

"நம்ம பூனை மென்னா தலைகூட மிஞ்சாதுங்களே."

தூக்கி எறியச் சொன்னேன்.

தை 11, செவ்வாய்

இன்று கூடை நிறைய. எண்ணவில்லை. மயிலானின் பெண்சாதி ராமாயிதான் கிடங்கு கூட்டுகிறவள். மூட்டை இடுக்கிலிருந்து வாரி வாரிக் கொண்டு வந்தாள். கொல்லையில் கடலை உரித்த தொப்பியைக் குவித்து அதில் போட்டுக் கொளுத்தச் சொன்னேன். வீட்டுக்கும் கிடங்குக்கும் நடுவில் ஒரே சுவர். நாற்றம் அடுப்படிக்குப் போய்விட்டது.

"என்னத்தைக் கொளுத்தறீங்க?" என்று பாவாயி கேட்டாள்.

"பழைய சாக்கு."

என் வீட்டுக்காரி அதற்கு மேல் கேட்கிறவள் அல்ல. மூக்கைச் சேலையால் மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

மயிலானிடமும் ராமாயியிடமும் சொல்லிவிட்டேன், வெளியில் மூச்சு விடக் கூடாது என்று.

தை 13, வியாழன்

கோயமுத்தூரிலிருந்து பருத்தி வாங்க வந்தவர் சொன்னார். அங்கே பிளேக்காம். சர்க்கார் ஆள் வந்து தெருத் தெருவாகக் காலி பண்ணுகிறானாம். கூரை ஓடுகளைப் பிரித்து வெயில் விடுகிறான், வீட்டுக்குள் மருந்துத் தண்ணீர் அடிக்கிறான், மண்டியைப் பூட்டிச் சீல் வைக்கிறான். ஜனங்கள் காட்டில் ஓலைக் குடிசையில். எல்லாம் எங்கேயாவது எலி செத்து விழுந்தது என்று எவனாவது எழுதிக் கொடுப்பதில் தொடங்குகிறதாம்.

ஒளிக்காமல் எழுதுகிறேன். எனக்கு நோயைவிடப் பூட்டுதான் பயம். தலைச்சுமையாக உப்பு விற்று இந்த வேலம்பேட்டைக்கு வந்தவன் நான். எனக்குப் பாட்டன் சொத்து கிடையாது. மண்டியை ஒரு பருவம் பூட்டினால் மறுபடியும் உப்புக் கூடைதான்.

மூட்டைக்காரர்களுக்கும் சேதி எட்டிவிட்டது. சொந்த ஊருக்குப் போகிறோம் என்று முணுமுணுக்கிறார்கள். ஆள் போனால் சரக்கு நகராது.

ஒன்று ஞாபகம் வந்தது. நான் உப்பு விற்ற காலத்தில் சுற்று வட்டாரம் பூராவும் வாந்திபேதி. இந்த ஊரில் மட்டும் அப்போது மாரியம்மன் நோன்பு. எல்லையில் வேப்பந்தோரணம் கட்டி, உள்ளே இருப்பவன் வெளியே போகக் கூடாது, வெளியே இருப்பவன் உள்ளே வரக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். என்னையே விடவில்லை, கூடையோடு வெயிலில் நின்றேன். அந்த வருஷம் மற்ற ஊர்களில் பிணம் எடுக்க ஆள் இல்லை. இங்கே ஒரு சாவு இல்லை. ஆத்தா காப்பாற்றினாள் என்றார்கள். சரி, ஆத்தாவேதான். ஆனால் எல்லையை மூடினால் நோய் உள்ளே வராது என்று நான் கற்றுக்கொண்டேன்.

தை 15, சனி

கோயில் பூசாரி குப்பாண்டிப் பண்டாரத்தைப் பார்த்தேன். பங்குனியில் நடக்கிற நோன்பை இப்போதே வைக்க வேண்டும், செலவு என் பொறுப்பு என்றேன்.

"பங்குனிக்கு எந்திரிக்கிற ஆத்தாளைத் தையிலயே எழுப்பச் சொல்றீங்க."

"எழுப்பினா கோவிப்பாளா?"

"அரைத் தூக்கத்துல எழுப்பினா உங்க ஊட்டுக்காரியே கோவிப்பாங்க. ஆத்தா கோவிக்க மாட்டாளா?"

இருந்தாலும் ஒத்துக்கொண்டார். நோய்க் காலத்தில் கோயிலுக்குக் கூட்டம் சேரும் என்பது அவருக்கும் தெரியும். அவர் சரக்கு வேறு, என் சரக்கு வேறு, அவ்வளவுதான்.

கம்பம் நட்டுக் காப்புக் கட்டிவிட்டால் நோன்பு முடிகிற வரை ஊர்க்காரன் ஒருவனும் எல்லைக்கு வெளியே ராத் தங்க மாட்டான். தங்கினால் வீட்டில் பிணம் விழும் என்பது நம்பிக்கை. எந்தச் சர்க்கார் உத்தரவும் இந்தக் கட்டுக்கு ஈடாகாது. மூட்டைக்காரன் எவனும் இனிப் போக மாட்டான்.

தை 18, செவ்வாய்

பூச்சாட்டு ஆயிற்று. பூவைச் சாத்தி நோன்பு சாட்டிவிட்டார்கள். இன்று முதல் ஊரில் தாளிப்பு இல்லை, வறுவல் இல்லை, எண்ணெய்ச் சட்டி இல்லை. என் கடையில் மிளகாய் மூட்டை தூங்கும். அது எனக்கு முன்னாலேயே தெரியும்.

பாவாயி பூவோடு எடுப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறாள். நெருப்புச் சட்டியைக் கையில் ஏந்தி எல்லையைச் சுற்றி வருவது சின்ன வேலை அல்ல. ஏன் இந்த வருஷம் என்றேன்.

"ஊருக்காகத்தான்" என்றாள். பிறகு, "உங்களுக்காகவும்தான். பழைய சாக்கு நாத்தம் இன்னும் போகலீங்க" என்றாள்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஊரைப் பற்றி அவளுக்கு இத்தனை கவலை இருப்பதற்கு அது காரணமாக இருக்கலாம்.

தை 21, வெள்ளி

ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்தார். பெயர் தேவசகாயம், திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். சின்ன வயசு, ஆனால் நிதானமான ஆள். கிடங்கு வாசலில் நின்றே கேட்டார்.

"எலி ஏதாவது விழுந்துச்சா ஐயா?"

"இல்லை."

மயிலான் பக்கத்தில்தான் நின்றான். மூட்டைக் கொக்கியைக் கை மாற்றிக்கொண்டான்.

"விழுந்தா உடனே சொல்லணும். மறைச்சா அபராதம். ஆனா அபராதம் இல்ல விஷயம்" என்று நிறுத்திக்கொண்டார். நல்ல மோர் கொடுத்து அனுப்பினேன்.

நோயாளிகளைத் தனியே வைக்க ஊருக்கு வெளியே இடம் வேண்டுமாம். ரயில் கேட்டுக்கு அப்பால் எனக்கு ஒரு மேட்டுக்காடு இருக்கிறது. பருத்தி அரைக்க ஜின்னிங் மில் போடுவதற்காக வருஷக்கணக்கில் துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்தது. அதன் கிழக்கு மூலையில் கொட்டகை போட்டுக்கொள்ளச் சொன்னேன். நாளைக்கு மில்லுக்குச் சர்க்கார் அனுமதி கேட்கும்போது இது நினைவில் இருக்கும்.

தை 23, ஞாயிறு

ராமாயி செத்துப் போனாள். காய்ச்சல்.

மயிலான் வீட்டுக்கு அரிசியும் பருப்பும் கொடுத்தனுப்பினேன். அரிசியைத் திருப்பி அனுப்பவில்லை. ஆனால் அவன் என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

தை 25, செவ்வாய்

கம்பம் நட்டாயிற்று. முக்கிளையாக வெட்டிய வேப்பங்கட்டை, அம்மனுக்கு எதிரே. நோன்பு முடிகிற வரை அவளுக்கு அதுதான் புருஷன். பெண்கள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிறார்கள். நாலு திசையிலும் தோரணம் கட்டியாயிற்று. பாவாயி கையில் காப்பு ஏறிவிட்டது.

கூட்டத்தைப் பார்த்தேன். இத்தனை பேரும் இனி ஊருக்குள்தான். நான் நினைத்தபடியே நடந்தது. சந்தோஷம் வந்திருக்க வேண்டும்.

தை 28, வெள்ளி

நெசவாளர் தெருவில் சாவு. எண்ணெய்க்காரர் வீட்டில் சாவு. கடைவீதியில் பாதிக் கடைக்குத் திறக்க ஆள் இல்லை. காலையில் தலைவலி என்கிறவன் சாயங்காலம் குடிகாரன் போலத் தள்ளாடுகிறான், தொடையிடுக்கிலோ அக்குளிலோ நெறி கட்டுகிறது, பிறகு நினைவு தப்புகிறது.

மயிலானுக்கும் வந்துவிட்டது. கொட்டகைக்குத் தூக்கிப் போனார்கள். அவன் எல்லை தாண்டியதால்தான் சாவு அதிகம் என்று ஊரில் பேசுகிறார்கள். கொட்டகையில் கிடப்பவர்கள் பெரும்பாலும் மூட்டைக்காரக் குடும்பங்கள். காப்புக் கட்டின வீட்டில் நோயாளியை வெளியே விடுவதில்லை, கட்டிலுக்கடியில் மறைக்கிறார்கள்.

எனக்கு இடது கை வீங்கி வலிக்கிறது. மூட்டை தூக்கியதால் இருக்கும்.

தை 30, ஞாயிறு

ஆத்தாளை அகாலத்தில் எழுப்பியது யார் என்று சத்திரத்து வாசலில் பேச்சு நடந்ததாம். ராக்கியண்ணன் என்று என் பெயர் அடிபட்டதாம்.

மாசி 1, திங்கள்

இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். பாவாயி தண்ணீர் கொண்டுவந்து வைத்த நேரம் பார்த்து, "கை எப்படி இருக்கு ஐயா? பிளேக் ஊசி போட்ட இடத்துல வீக்கம் வத்திடுச்சா?" என்றார்.

பாவாயி என்னைப் பார்த்தாள்.

"ஊசி போட்டுக்கிட்டீங்களா? நல்லதுங்க" என்றாள். சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவளுக்கும் போடலாம் என்றுதான் இருந்தேன். காப்புக் கட்டின உடம்பில் ஊசி ஏற்றக் கூடாது என்பாள் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இன்ஸ்பெக்டர் மெதுவாகத்தான் பேசினார். "இது வாந்திபேதி மாதிரி இல்லீங்க. அது வெளியிலிருந்து தண்ணியில வரும், வழியை மூடினா நிக்கும். இது வீட்டுக்குள்ள இருக்கு. எலிக்கு வர்ற நோய். எலி செத்ததும் அது மேல இருக்கிற தெள்ளுப்பூச்சி மனுஷன் மேல தாவுது. வீட்டை விட்டு வெளியே போயிட்டா தப்பிக்கலாம். நீங்க எல்லையைக் கட்டி ஊரையே நோய்கூடப் பூட்டி வெச்சிருக்கீங்க."

'நீங்க' என்றது ஊரை. எனக்கு அப்படிக் கேட்கவில்லை.

அவர் போனதும் பாவாயியிடம் போனேன். அவள் படுக்கிற அறைக்கும் கிடங்குக்கும் நடுவில்தான் அந்தச் சுவர்.

"காட்டுக்குப் போயிரலாம். இன்னிக்கே."

"காப்பை அவுத்துட்டா?"

"உசுரு முக்கியமில்லையா புள்ள?"

"ஊரே உள்ள கெடக்குது. நான் மட்டும் போனா, நாளைக்கு விழுற பொணத்துக்கெல்லாம் நாந்தான் காரணம்பாங்க. உங்களுக்குப் பேச்சுக் கேட்டுப் பழக்கம். எனக்கு இல்லீங்க."

"அப்ப இங்கயே சாகலாங்கறயா?"

"எல்லாருக்கும் வழி இருந்தா நானும் வர்றேன். நீங்க மட்டும் ஊசி போட்டுக்கிட்ட மாதிரி நான் மட்டும் போக மாட்டேன்."

இருபது வருஷத்தில் இவ்வளவு காரமாக அவள் பேசிக் கேட்டதில்லை.

மாசி 2, செவ்வாய்

பண்டாரத்திடம் கம்பத்தைப் பிடுங்கி நோன்பை முடித்துவிடச் சொன்னேன். அவர் காதைப் பொத்திக்கொண்டார். "கம்பம் எடுக்கிற நாளைக்கு முன்னால எடுத்தா ஆத்தா தாலியறுத்தவ ஆயிருவா. என்ற கையால அதைச் செய்ய மாட்டேன். அவசரப்பட்டது நீங்க. இப்பவும் அவசரப்படறதும் நீங்கதான்."

அவர் வீட்டிலும் ஒரு பேரன் காய்ச்சலில் கிடக்கிறான். மூடி வைத்திருக்கிறார். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

யோசித்தேன். வாங்குகிறவன் கடைக்கு வர மாட்டான் என்றால் கடையை அவன் வாசலுக்குக் கொண்டுபோக வேண்டியதுதான். உப்பு விற்றபோது அப்படித்தான் பிழைத்தேன்.

"ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. சரி. எல்லையையே தள்ளி வெச்சா?"

பண்டாரம் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார்.

"என்ற மேட்டுக்காட்டையும் சேர்த்து எல்லை கட்டுங்க. தோரணத்தை அந்தண்டை நகர்த்துங்க. ஜனம் அங்க வந்து குடிசை போட்டா எல்லை தாண்டினதா ஆகாது."

வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். பிறகு, "எல்லை கட்டினா அந்த மண்ணு ஆத்தாளோடது. அப்புறம் அதுல நீங்க ஏர் ஓட்ட முடியாது, மிசினு வெக்க முடியாது. தெரியுமல்ல?" என்றார்.

பேரம் பேசினேன். சாமியிடம் பேரமா என்று நினைக்கிறவர்கள் நினைக்கட்டும். மேற்குப் பாதி ஆத்தாளுக்கு, கிழக்குப் பாதி எனக்கு. நடுவில் கிணற்று வரப்புதான் எல்லை. கிழக்கு மூலையில்தான் கொட்டகை இருக்கிறது, அது எல்லைக்கு வெளியே இருக்க வேண்டும் என்று பண்டாரமும் சொன்னார். "அந்தத் தீட்டையெல்லாம் உள்ள சேர்க்க ஊர் ஒத்துக்காது." எனக்கு ஆட்சேபணை இல்லை. என் மில்லுக்கான இடம் தப்பியது.

மாசி 3, புதன்

அம்மனிடம் பூ கேட்டார்கள். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் எல்லையை நகர்த்த ஆத்தா சம்மதம். வெள்ளைதான் வந்தது. இன்னொரு பொட்டலத்தை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. பண்டாரம் அதை மடியில் செருகிக்கொண்டார். நானும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை எல்லை கட்டுவது. காட்டில் ஓலையும் மூங்கிலும் இறக்கச் சொல்லிவிட்டேன்.

மாசி 4, வியாழன்

எல்லோரும் எழுவதற்கு முன் தனியாகக் குடிக்கிற கருப்பட்டிக் காப்பியைப் பாவாயி இன்று போடவில்லை, காலையில் கூழும் குடிக்கவில்லை. விரதம் என்றாள். விரதத்திலும் கூழ் குடிப்பவள்தான்.

அடுப்படியில் எலி விழுந்து கிடந்தது. அவளே இடுக்கியால் எடுத்து வெளியே போட்டிருக்கிறாள், இதற்கு முன்னாலும் போட்டிருப்பாள் போல.

நாளை ஒரு நாள்தான். நாளைக்கு இந்நேரம் காட்டில் இருப்போம்.

ஓலை போதாது. இன்னும் இரண்டு வண்டி சொல்ல வேண்டும். தண்ணீருக்குக் கிணற்றில் புதுக் கயிறு. வேப்பெண்ணெய். மண்பானை வாங்கணும்.

கண் சிவந்திருக்கிறதே என்றேன். புகை என்றாள்.

மாசி 5, வெள்ளி

இதைச் சரியாக எழுத வேண்டும்.

வெயில் தாழ்ந்ததும் எல்லை கட்டப் புறப்பட்டார்கள். பம்பை முன்னால். பண்டாரத்தின் சித்தப்பாதான் வழக்கமாக அருள் வந்து முன்னே போகிறவர், அவர் போகிற வழிதான் எல்லை. பின்னால் பண்டாரம் ரத்தச் சோற்றை இறைத்துக்கொண்டே வர வேண்டும். பூவோடு எடுக்கும் பெண்கள் அவருக்குப் பின்னால். ஊரே திரண்டிருந்தது. நோயாளியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு.

பாவாயி நெருப்புச் சட்டியை வாங்கும்போது அவள் கையில் மஞ்சள் தண்ணீர் விட வேண்டியது புருஷன். விட்டேன். கை என் கையில் பட்டது.

அடுப்பில் காய்ந்த இரும்பு போல இருந்தது. சட்டி இன்னும் அவள் கைக்கு வரவில்லை.

"பாவாயி."

"பேசாம வாங்க" என்றாள். நாக்குக் குழறியது.

நான் அப்போதே சட்டியைத் தட்டிவிட்டு அவளைத் தூக்கியிருக்கலாம். தூக்கியிருந்தால் என்ன ஆகும் என்பதும் அந்த க்ஷணமே தெரிந்தது. முதல் பூவோடு எடுத்தவளுக்கே பிளேக் என்றால் ஊர் கலைந்து வீட்டுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்ளும். அப்புறம் எந்தப் பூவும் அவர்களை வெளியே கொண்டுவராது. அவளும் அதைத் தெரிந்துதான் வந்திருக்கிறாள்.

ரயில் கேட்டைத் தாண்டினோம். கிணற்று வரப்பில் பண்டாரம் முதல் நாளே அடையாளக் குச்சி நட்டிருந்தார். சித்தப்பா அங்கே திரும்பினார். பாவாயி திரும்பவில்லை. நேரே போனாள். தள்ளாடினாள், ஆனால் நிற்கவில்லை. சட்டியில் தீ அவள் முகத்துக்கு நேரே எரிகிறது, கால் ஒரு பக்கம் இழுக்கிறது, தலை ஒரு பக்கம் சாய்கிறது. குலவை போட்டார்கள்.

"ஆத்தா வந்துட்டா. ராக்கியண்ணன் ஊட்டம்மா மேல வந்துட்டா."

பம்பைக்காரர்கள் சித்தப்பாவை விட்டுவிட்டு அவள் பின்னால் ஓடினார்கள். பண்டாரம் என்னைப் பார்த்தார். நான் எதுவும் சொல்லவில்லை. அவரும் சோற்றை இறைத்துக்கொண்டே அவள் பின்னால் போனார்.

கொட்டகைப் பக்கமாகப் போனாள். வாசலில் இன்ஸ்பெக்டர் நின்றிருந்தார். மயிலான் உள்ளே பாயில் கிடந்தான், மற்றவர்களும் கிடந்தார்கள். அவள் கொட்டகையைச் சுற்றி வளைத்துக்கொண்டு அதன் பின்பக்கம் போய், ரயில் பாதை ஓரமாகத் திரும்பி, முழுக் காட்டையும் சுற்றி, மறுபடி கொட்டகை வாசலுக்கே வந்து சட்டியை இறக்கி வைத்தாள். கீழே உட்கார்ந்தாள்.

"இங்கதான் இருப்பேன்" என்றாள். அந்தக் குரல் எனக்கே பழக்கம் இல்லாத குரல்.

ஜனம் விழுந்து கும்பிட்டது. கொட்டகை உள்ளே வந்துவிட்டது, அதில் கிடந்தவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். என் காடு முழுக்கப் போய்விட்டது.

இன்ஸ்பெக்டர் என் அருகில் வந்தார். அவளுடைய கண்ணையும் நடையையும் பார்த்தவர் அவர்.

"ஐயா, இந்த அம்மாவுக்கு..."

"தெரியும். ஊர் வந்து சேரட்டும்."

அவர் சிலுவை போட்டுக்கொண்டாரோ என்னவோ, கை மட்டும் மார்பு வரை போனது. பிறகு கொட்டகைப் படலைத் திறந்துவிட்டார்.

மாசி 6, சனி

ஊர் வந்துகொண்டே இருக்கிறது. அண்டா, ஆடு, தறிக்கட்டை, கோழிக்கூடு. ஓலை போதவில்லை.

அவளுக்கு அக்குளில் நெறி கட்டியிருக்கிறது. இன்று வந்தது அல்ல.

மாசி 7, ஞாயிறு

மத்தியானம் கொஞ்சம் தெளிந்தாள்.

"மில்லு போச்சுங்களா?"

"போச்சு."

"கோவமா?"

"கிணத்து வரப்போட திரும்பியிருக்கலாம். பாதியாவது மிஞ்சியிருக்கும்."

சிரித்தாள். உதடு வெடித்து ரத்தம் வந்தது. துடைத்துவிட்டேன்.

"ராமாயி எலி வாரினப்ப நான் சன்னல்ல நின்னு பார்த்துட்டுத்தான் இருந்தேன்" என்றாள். "அவ புருஷனை வெளிய விட்டுட்டு என்னால எல்லை கட்ட முடியாதுங்க."

சாக்கை மடித்து அவள் தலைக்கு வைத்தேன்.

கொஞ்சம் பொறுத்து, "எனக்கு வந்தது சாமியா காச்சலான்னு எனக்கே தெரியல. நீங்க பக்கத்துல வந்தீங்களே. என்னன்னு தெரிஞ்சுது?" என்றாள்.

"சாமிதான்."

"யாவாரிப் பொய்யி" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

மாசி 8, திங்கள்

விடிந்ததும் முடிந்துவிட்டது.

மாசி 9, செவ்வாய்

ஒப்பாரி வைக்கக் கூடாது என்றார்கள். ஆத்தா இறங்கின உடம்பாம். ஆத்தா வந்த வேலை முடிந்து போயிருக்கிறாளாம், அதற்கு அழுதால் குற்றமாம். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். நானும் நின்றேன். அவள் உட்கார்ந்த இடத்து மண்ணை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டு போகிறார்கள்.

கிழக்கு ஓரத்தில் புதைத்தோம்.

குடிசைகளில் இன்று சாவு இல்லை என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். ஊருக்குள்ளேயே தங்கிவிட்ட தெருக்களில் உண்டு.

மாசி 21, ஞாயிறு

புளி விற்றேன். வேறு விசேஷம் இல்லை.

பங்குனி 12, ஞாயிறு

கம்பம் எடுத்துக் கிணற்றில் விட்டாயிற்று. இன்ஸ்பெக்டர் ஊருக்குள் போகலாம் என்று சொல்லிவிட்டார். பாதிப் பேர் போனார்கள், பாதிப் பேர் போகவில்லை. ஓலைக் குடிசைக்கு மண்சுவர் எழும்புகிறது. நெசவாளர்கள் தறி இறக்கிவிட்டார்கள். ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தெரு உருவாகிவிட்டது. அதற்கு வாய்க்கு வந்தபடி ஒரு பெயர் வைத்துவிட்டார்கள், பிளேக் மாரி பேட்டை. அவள் உட்கார்ந்த இடத்தில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசியிருக்கிறார்கள்.

மயிலான் எழுந்துவிட்டான். எலும்பும் தோலுமாக இருக்கிறான். கல்லுக்குப் பக்கத்திலேயே குடிசை போட்டிருக்கிறான். பண்டாரம் என்னிடம் வந்து, அவன் சாதிக்காரன் சந்நிதிக்கு அவ்வளவு நெருக்கத்தில் இருப்பது முறை இல்லை, நீங்கள் சொன்னால் கேட்பான் என்றார்.

"கோடு போட்டது நானா?" என்றேன். "போட்டவகிட்டக் கேளுங்க. நீங்கதானே பின்னால சோறு இறைச்சிட்டு வந்தீங்க."

பண்டாரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் மயிலான் கிடங்குக்கு வந்தான். ஓட்டைப் பிரித்து வெயில் விட்டிருக்கிறேன். காலி மூலையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"அந்த எலிங்களை நாம அன்னிக்கே..." என்றான்.

"மூட்டையெல்லாம் வெளியே எடுத்துக் காயப் போடு" என்றேன்.

பிறகு கொக்கியை எடுத்தான்.

சித்திரை 9, ஞாயிறு

ரயில் பாதை ஓரமாக ஜின்னிங் மில்லுக்கு வேறு இடம் கிடைக்கும் என்று தரகர் சொன்னார். பார்க்கலாம் என்றேன். பார்க்கப் போகவில்லை.

பேட்டையில் காலை நேரத்தில் ஒரு பெண் வழி மறித்தாள். தாராபுரத்துப் பக்கத்திலிருந்து நடந்து வந்திருக்கிறாள். இடுப்பில் பிள்ளை. அவள் ஊரில் இப்போது எலி விழுகிறதாம். இந்த ஆத்தாளைக் கும்பிட்டுவிட்டுப் போய் ஊரையே காட்டுக்குக் கூட்டிப் போகப் போகிறாளாம். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது.

"ஏனுங்க, இந்தம்மாளுக்கு என்ன வெச்சுக் கும்பிடோணும்? கூழுங்களா, பொங்கலுங்களா?"

கூழ் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். எல்லா மாரிக்கும் கூழ்தான்.

"காப்பி" என்றேன்.

"காப்பியா? ஆத்தாளுக்கா?"

"கருப்பட்டி போட்டு. பால் ஊத்தாதே. கொஞ்சம் கசப்பா இருக்கோணும். காலையில, யாரும் எந்திரிக்கறதுக்கு முன்னால."

அவள் சந்தேகமாகப் பார்த்தாள். "உங்களுக்கு நல்லாத் தெரியுமுங்களா?"

"தெரியும்" என்றேன்.

சித்திரை 17, திங்கள்

கல்லுக்கு முன்னால் இன்று வரிசையாகப் பித்தளை லோட்டாக்கள். யார் யாருக்குச் சொன்னாளோ. மயிலான் ஒவ்வொன்றாக எடுத்து ஓரம் வைத்துக்கொண்டிருந்தான். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை, காலம் காலமாக நடக்கிறது போல வைத்துவிட்டுப் போகிறார்கள்.

கருப்பட்டி என்பதால் எறும்பு மொய்க்கிறது. சுற்றிலும் கொஞ்சம் மஞ்சள் தூவச் சொன்னேன்.